விரல் நுனியில் சுழலும் பச்சை விளக்கு

லண்டனில் நான் கண்ட முதல் அதிசயம் ஒரு ரப்பர் பேண்ட்.

பிளேஸ்டோவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் செங்கல் வீடுகளில் ஒன்று. விமானத் தூக்கம் இமையில் பிசினாக ஒட்டியிருக்க, சமையலறையில் நின்று எனக்கு நானே தேநீர் கலந்துகொண்டிருந்தேன். அலமாரியில் ஒரே உயரத்தில், ஒரே வெள்ளை மூடியோடு ஏழெட்டு டப்பாக்கள். ஒவ்வொன்றின் இடுப்பிலும் ரப்பர் பேண்ட். ஒன்றில் ஒற்றை, அடுத்ததில் இரட்டை, அதற்கடுத்ததில் மூன்று. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஒற்றை வளையல் போட்ட டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி அள்ளிக் கோப்பையில் கொட்டினேன்.

"ஐயோ அண்ணை, அது உப்பு!" சுகந்தி ஓடிவந்தார். "ஒண்டு உப்பு, ரெண்டு சீனி, மூண்டு மிளகாய்த்தூள். நாலு போட்டது கோப்பித்தூள்."

பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து பாலைக் காட்டினார். இந்த ஊரில் பாலின் கொழுப்பை மூடியின் நிறம் சொல்கிறது. நீல மூடி என்றால் முழுப்பால், பச்சை மூடி என்றால் பாதி கொழுப்பு எடுத்த பால். நிறம் பார்க்க முடியாத விரலுக்கு நீலமும் ஒன்று, பச்சையும் ஒன்று. அதனால் பச்சை மூடியின் விளிம்பில் கத்தியால் ஒரு வெட்டு. கட்டைவிரல் நகம் நின்று இளைப்பாறும் அளவுக்கு.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க உங்களுக்கு?"

"ஆர் சொல்லித்தாறது? ஒருநாள் சொதிக்குள்ள சீனியைப் போட்டிட்டார். அடுத்தநாள் நான் றப்பர் பாண்ட் வாங்கினன்."

சொதிக்குள் சீனி போட்ட அவர் கணவன் அப்போது மாடியில் குளித்துக்கொண்டே பாடிக்கொண்டிருந்தான். குலம். இருபது வயதில் திருச்சி உறையூரில் ஒரே அறையில், ஒரே பாயில் இரண்டு வருடம் நானும் அவனும் கிடந்தோம். போர் அவனை யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் ஊருக்குத் துரத்தியிருந்தது. பிறகு ஜெர்மனிக்குப் போனான். அங்கே கல்யாணம், அங்கிருந்து லண்டன். இங்கே கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்தான். ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் தமிழ்க் கடைகளின் நெற்றியில் பளிச்சென்று எரியும் எழுத்துகளில் பல அவன் கையால் வெட்டியவை. மூன்று வருடம் முன்பு சர்க்கரை நோய், அவர்கள் சொல்லும் சீனி வருத்தம், கண்ணுக்கு ஏறியது. இப்போது வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும். நடுவில் உள்ள உலகம் தெரியாது.

"அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. நீங்கள் சொன்னால் கேப்பார்" என்று சுகந்தி தொலைபேசியில் சொன்னதற்குத்தான் வந்திருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. மாடியில் தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார்.

குரோய்டனில் ஒரு சிறு பட்டறை. லிஃப்டுக்கும் கழிப்பறைக் கதவுக்கும் தொட்டுப் படிக்கும் பலகைகள் செய்கிறார்கள். செய்த பலகையை அனுப்புவதற்கு முன் தடவிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். பலகையும் தெரிந்து, பார்வையும் இல்லாத ஒருவன் அவர்களுக்கு எங்கே கிடைப்பான்? குலத்தை வாரம் இரண்டு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். தனியாகப் போவேன் என்கிறான் இவன். கூடாது என்கிறார் சுகந்தி.

"நான் பள்ளிக்கூடக் கன்ரீனில வேலை. ஷிப்ட் மாத்தித் தரமாட்டினம். நான் வேலைக்குப் போனாப்பிறகு இவர் பொல்லையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டிடுவார் எண்டு பயம். அதால வேலையை விடுவம் எண்டு பாக்கிறன். செவ்வாய்க்கிழமை கன்ரீனுக்கு முடிவு சொல்லோணும். திங்கள் நீங்கள் அவரோட குரோய்டனுக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஏலும் எண்டு சொன்னீங்களெண்டால் நான் வாயே திறக்கமாட்டன். ஏலாது எண்டால் வேலையை விட்டிட்டு அவரோட வீட்டில இருக்கிறன்."

நான் பயந்துபோனேன். சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் என்று கரூர் பஸ்ஸில் ஏறியவன் நான். என்னை நீதிபதியாக்குகிறார்.

"வீட்டுக்குள்ள எல்லாம் நான் ஒழுங்குபடுத்தி வச்சிருக்கிறன்," என்றார் டப்பாக்களைப் பார்த்தபடி. "வெளியில ஆர் அண்ணை ஒழுங்குபடுத்தி வச்சிருக்கினம்?"

உப்புத் தேநீரைத் தொட்டியில் ஊற்றினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை விழவில்லை, காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. குலம் தன் வெள்ளைக் கைத்தடியை, அவர்கள் சொல்லும் பொல்லை, விரித்துக்கொண்டு முன்னால் நடந்தான். நான் பின்னால் வேடிக்கை பார்த்துக்கொண்டு. இந்த ஊரில் என் கண்ணுக்கு ஓய்வே இல்லை. வாசற்கதவில் தபால் விழும் பித்தளை வாய், மரத்தைச் சுற்றித் தண்ணீர் இறங்குவதற்கென்றே வட்டமாக வார்த்த இரும்புத் தட்டு, குப்பைத் தொட்டியின் கைப்பிடியில் விரல்களுக்கென்று விட்ட அலை. யாரோ மேசையில் உட்கார்ந்து, அடுத்தவன் விரலை நினைத்துக்கொண்டு, பென்சிலைச் சீவியிருக்கிறார்கள்.

"இதில ஒரு மீன் கடை வரோணும்," என்று நின்றான் குலம். மூக்கே சொல்லியிருக்கும். "மேல பார். நான் செய்த பலகை. எழுத்து இன்னும் மஞ்சளோ?"

பார்த்தேன். வெயிலும் மழையும் தின்று எழுத்து மோர் நிறத்துக்கு வந்திருந்தது. "ஆமா, மஞ்சள்தான். பளிச்சுன்னு இருக்கு."

"பொய். அந்த மஞ்சள் ஏழு வருசம் நிக்காது. மலிவான ஷீட் ஒட்டினது நான்தானே, எனக்குத் தெரியாதே?"

சிரித்துக்கொண்டே சாலைக் கடப்புக்கு வந்தோம். காலடியில் மொட்டு மொட்டான கல், கம்பத்தில் ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் சிவப்பு மனிதன் பச்சை மனிதனாவான். எங்கள் தில்லைநகரில் வண்டிகளை நிறுத்த இருக்கும் ஒரே கருவி நம்முடைய கை. உயர்த்திப் பிடித்துக்கொண்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

"எங்கட ஆக்கள் இருவது வருசமா இந்தப் பெட்டியை அமத்தினம்," என்றான் குலம். "ஒருத்தரும் அடியில கையை விட்டுப் பாக்கேல்லை. நீ விடு."

"அடியிலயா?"

"விடன் மச்சான், கடிக்காது."

பெட்டியின் அடிப்பக்கத்தைத் தடவினேன். தலைகீழாகத் தொங்கும் சின்ன உலோகக் கூம்பு. தையற்காரர் விரலுறை அளவு இருக்கும். உடம்பெல்லாம் வரிவரியாகக் கோடு. சும்மா இருந்தது. திடீரென்று உயிர் வந்தது போல் என் இரண்டு விரல்களுக்கு நடுவில் சுழல ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தேன். பச்சை மனிதன்.

"இது சுத்தினால் போகலாம். நிண்டால் நிக்கோணும். சத்தம் போட்டால் பக்கத்துச் சந்திச் சத்தத்தோட குழம்பிடும் எண்டு விரலுக்குச் சொல்லுறாங்கள்."

கடக்காமல் நின்றுவிட்டேன். என் பின்னால் இரண்டு பேர் உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள். ஒரு எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை, என்னைப் பார் என்ற கூச்சல் இல்லை. தேவைப்பட்டவன் கைக்காக இருட்டில் காத்துக்கொண்டு ஒரு கூம்பு தொங்குகிறது. எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளும் நான் ஐம்பத்து மூன்று வயதில் ஒரு வரியாவது இப்படி எழுதியிருக்கிறேனா?

"சுகந்திக்கு இது தெரியுமா?"

"சொன்னனான். 'உமக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கதை' எண்டு போட்டுக் குக்கரை இறக்கப் போயிட்டா."

சனிக்கிழமை வெம்பிளியில் குலத்தின் அக்கா மகளின் பிள்ளைக்குப் பிறந்தநாள். சுகந்திக்கு அன்று வேறொரு வேலை இருந்ததால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். வாசலில் நுழைந்ததுமே காலணிக் குவியல். எங்கள் ஆட்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் வெறுங்காலோடுதான் வீட்டுக்குள் போவார்கள். ஆனால் இங்குள்ள வீட்டு வாசல்களை யாரோ ஒரு வெள்ளைக்காரன், சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போகிறவர்களுக்காக, ஒடுக்கமாகக் கட்டிவிட்டான். முப்பது நாற்பது ஜோடி, கப்பல் கவிழ்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று.

உள்ளே ரோல்ஸ், கட்லட், பால்புட்டு, கணவாய்க் கறி. கட்லட்டைக் கடித்தால் உள்ளே இருக்கும் டின்மீன் மிளகைக் கூட்டிக்கொண்டு நேராக மூளைக்கு வருகிறது. ஆறு கட்லட் தின்றேன். பிள்ளைகள் ஆங்கிலத்தில் ஓடிப்பிடித்து விளையாடின. ஒரு சிறுமி என் சட்டையை இழுத்து, "மாமா, நீங்கள் என் பலூன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள்" என்று ஆங்கிலத்தில் முறையிட்டாள். அதில் தமிழ் 'மாமா' மட்டும்தான்.

திரும்பும்போது பேருந்து நிறுத்தம் வரை நடந்திருப்போம். குலம் நின்றான்.

"மச்சான், உன்ர சப்பாத்துச் சத்தம் மாறிக் கிடக்கு."

"என்னது?"

"வரேக்க டொக் டொக் எண்டு வந்தனி. இப்ப சளக் புளக் எண்டு கேக்குது. ஆற்றையோ சப்பாத்தைப் போட்டிட்டு வந்திட்டாய்."

குனிந்து பார்த்தேன். கறுப்புதான். என்னுடையதும் கறுப்பு. ஆனால் இது யாரோ ஆஜானுபாகுவின் சப்பாத்து. உள்ளே என் கால் நீந்திக்கொண்டிருந்தது. நாற்பது ஜோடிக்குள் தன்னுடையதைத் தடவியே எடுத்துவிட்டவன் காலைப் பார்த்தேன். வார் துளையில் ஒரு ரப்பர் பேண்ட் முடிச்சு.

திரும்பிப் போனோம். வாசலில் ஒரு பெரிய மனிதர் என் சப்பாத்துக்குள் பாதிக் காலை நுழைத்துக்கொண்டு, "ஆர் இந்தச் சின்னப்பிள்ளையின்ர சப்பாத்தைப் போட்டு வந்தவன்?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"இதைச் சுகந்திகிட்ட சொல்லாதே," என்றேன் பேருந்தில்.

"சொல்லமாட்டன். வச்சிருக்கிறன். தேவைப்படேக்க எடுப்பன்."

திங்கட்கிழமை. தீர்ப்பு நாள். சுகந்தி இடியப்பமும் சம்பலும் கட்டிக் கொடுத்து, வாசலில் நின்று எங்களைப் பார்த்த பார்வையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

நான் ஒன்றும் உதவக் கூடாது, கூட வர மட்டும் வேண்டும் என்பது குலத்தின் நிபந்தனை. பாதாள ரயிலில் அவன் காலால் படித்துக்கொண்டே போனான். படிக்கட்டு தொடங்குவதற்கு முன் தரையில் வரிவரியான கல். நடைமேடை முடியும் இடத்தில் மொட்டு மொட்டான கல். கதவு திறக்க ஒரு மணி, மூட வேறு மணி. கம்பிக்கு எட்டிய அவன் கை ஒரு தடவைகூடக் காற்றைப் பிடிக்கவில்லை.

லண்டன் பிரிட்ஜில் ரயில் மாற வேண்டும். வண்டி வந்து நின்றது. குலம் பொல்லால் இடைவெளியை அளந்து ஏறினான். ஏறப்போன என் கண் தரைக்குப் போயிற்று. நடைமேடை மொட்டுகள் வேறு மாதிரி. சாலை ஓரத்தில் பார்த்தவை நேர் நேராகப் பக்கத்தில் பக்கத்தில். இவை வரிசைக்கு வரிசை விலகி, செங்கல் அடுக்கியது போல். ஆக, சாலை வேறு, ரயில் வேறு என்று கால் தெரிந்துகொள்ளும். எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! குனிந்து உள்ளங்கையால் ஒருமுறை தடவினேன்.

"மச்சான், ஏறிட்டியோ?" என்று உள்ளே இருந்து குலத்தின் குரல்.

பீப் பீப் பீப். கதவு மூடியது.

கண்ணாடிக்குள் குலத்தின் முகம், நான் பக்கத்தில் இருப்பதாக நினைத்து எனக்கு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டு, நகர்ந்தது. வண்டி போய்விட்டது.

என் இந்தியக் கைபேசி வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்தால் கடிகாரம் மட்டும்தான். அடுத்த வண்டி வரும்வரை அந்த நடைமேடையில் நான் நடந்த நடையைச் சேர்த்தால் சமயபுரம் போயிருக்கலாம். நீதிபதி குற்றவாளியைத் தொலைத்துவிட்டான். எங்கே இறங்குவான்? என்னைத் தேடி இடையில் இறங்கி, தெரியாத படியில் கால் வைத்து... சுகந்தியிடம் என்ன சொல்வேன்? கல் அழகாக இருந்தது என்றா?

அடுத்த வண்டியில் ஏறி, உட்கார முடியாமல் கதவோரம் நின்றேன். வெளியே வீடுகளின் புகைபோக்கிகள் ஓடின. எதையும் பார்க்கவில்லை. ஊர் வந்து சேர்ந்த நாள்முதல் என் கண் மூடியிருந்தது அந்தக் கால் மணி நேரம்தான்.

ஈஸ்ட் குரோய்டனில் இறங்கி, நடைமேடையிலிருந்து மேலேறும் நீண்ட சரிவில் மூச்சிரைக்க ஓடினேன். மேலே, டிக்கெட் வாயில் பக்கத்தில், சுவரோரமாகக் குலம். கையில் காகிதக் கோப்பையில் தேநீர். பக்கத்தில் ரயில்நிலைய ஊழியர், தலைப்பாகை அணிந்த ஒரு சர்தார்ஜி.

"இவர்தானா உங்கள் காணாமல்போன நண்பர்?" என்றார் அவர் ஆங்கிலத்தில். "அடையாளம் சரியாகத்தான் சொன்னீர்கள்."

"என்ன அடையாளம் சொன்னே?"

"உன்னைப் பாத்துப் பன்னிரண்டு வருசம். தலைமயிர் இருக்கோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்? அதால, போற வழியைப் பாக்காமல் கூரையைப் பாத்துக்கொண்டு ஒருத்தன் வருவான், அவனைப் பிடியுங்கோ எண்டன்." தேநீரை உறிஞ்சினான். "இண்டைக்குத் தரையைப் பாத்தனியாக்கும்."

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். உடம்பிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தார்கள்.

டிராமில் போகும்போது குலம் கை நீட்டினான். "அங்கால எங்கேயோதான் விசா குடுக்கிற அந்தப் பெரிய கட்டடம். குரோய்டன் எண்டால் அப்ப எங்கட ஆக்களுக்கு நித்திரை வராது. விடிய முதல் ஃபைலோட வந்து வரிசையில நிண்டனான், இருக்க விடுவாங்களோ அனுப்புவாங்களோ எண்டு. இப்ப அதே ஊருக்கு விரலை மட்டும் கொண்டு வாறன்."

பட்டறையில் நரைத்த கூந்தலைப் பென்சிலால் கொண்டை போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் முதலாளி. குலத்தின் முன் இரண்டு கழிப்பறைப் பலகைகளை வைத்தார். புடைத்து நிற்கும் ஆண் உருவம், பெண் உருவம். எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. குலம் இரண்டையும் தடவினான். மறுபடி தடவினான்.

"இதில பாவாடையும் காற்சட்டையும் விரலுக்கு ஒண்டுதான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னான்: "இப்படியே மாட்டினால் என்னைப் போன்றவன் ஒருநாள் அடி வாங்குவான். பாவாடையை இன்னும் அகலமாக்குங்கள்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவிக் குறித்துக்கொண்டார். கூந்தல் அவிழ்ந்து விழுந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

இரவுச் சாப்பாடு. புட்டு, மீன் குழம்பு. சுகந்தி பரிமாறி முடித்தும் உட்காரவில்லை. "சொல்லுங்கோ அண்ணை."

குலம் ஒன்றுமே நடக்காததுபோல் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூடிய கதவை, ஓடிய சரிவை, தலைப்பாகைக்காரரை. "சப்பாத்தையும் சொல்லு," என்றான் குலம். அதையும் சொன்னேன்.

சுகந்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பொத்தியும் நிற்கவில்லை. நாற்காலியில் விழுந்து, கண்ணில் நீர் வர வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

"அப்ப நான் ஆரை வீட்டில வச்சுப் பாக்கிறது?"

சிரிப்பு அடங்கியதும் முகம் பழையபடி ஆனது. "ஆனாலும் வெளியில அண்ணை..."

"வெளியிலயும் ஒரு சுகந்தி இருக்காங்க," என்றேன். "பேர் தெரியாது. எல்லா இடத்துலயும் ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்காங்க. நமக்குத்தான் கண்ணுல படலை. கூம்பு நிஜம்தான் சுகந்தி, நானே தொட்டேன்."

அவர் என்னையும் குலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இறங்கின உடன எனக்கு போன் எடுக்கோணும்," என்றார் குலத்திடம். மறுநாள் கன்ரீனுக்கு, வேலையில் தொடர்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

புதன்கிழமை நான் ஊருக்குக் கிளம்பும் நாள். குலம் முதன்முதலாகத் தனியாக வேலைக்குப் போகும் நாளும் அதுதான். காலையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, "கூரையைப் பாத்துக்கொண்டு பிளேனை விட்டிடாதை" என்று சொல்லிப் போய்விட்டான். பொல்லின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. அதற்குப் பிறகு சுகந்தி மூன்று தடவை அடுப்பைத் துடைத்தார்.

அவருக்கு மதிய ஷிப்ட். என்னை நிலையம் வரை கொண்டுவிட வந்தார். என் கறுப்புப் பெட்டியின் கைப்பிடியில் அவரே ஒரு பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார். "எல்லாப் பெட்டியும் கறுப்பு. நீங்கள் ஆற்றையோ பெட்டியைக் கொண்டு போயிடுவியள்."

கைபேசியை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். சாலைக் கடப்புக்கு வந்தபோது அது அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் போட்டார்.

"வந்திட்டன்," என்றது குலத்தின் குரல், பின்னால் டிராம் மணியோடு. "பத்து நிமிசம் முந்தியே வந்திட்டன். மச்சான் தன்ர சப்பாத்தைத்தானே போட்டிருக்கிறான்?"

"ஓம்," என்றார் சுகந்தி. "ஓம், ஓம்." கைபேசியைப் பைக்குள் போட்டு, மூக்கைத் துடைத்து, கம்பத்தைப் பார்த்தார்.

"அது எங்க எண்டு சொன்னனீங்கள்?"

காட்டினேன். பொத்தானை அழுத்திவிட்டு, பெட்டிக்கு அடியில் தயங்கித் தயங்கி விரலை நுழைத்தார். சிவப்பு. ஒரு லாரி போனது. இரண்டு சைக்கிள்கள். பிறகு அவர் தோள் சட்டென்று குலுங்கியது.

"சுத்துது அண்ணை! உண்மையா சுத்துது!"

மக்கள் எங்களைக் கடந்து போனார்கள். பச்சை அணைந்தது. அவர் நகரவில்லை.

"இன்னொருக்கா," என்றார்.

மறுபடி அழுத்தினார். எனக்கு ரயில் இருந்தது, போகட்டும் என்று பெட்டியைத் தரையில் வைத்தேன். சிவப்புப் பேருந்து ஒன்று கோட்டில் வந்து நின்றது. கடக்க யாருமில்லாமல் தன்னை நிறுத்திவிட்ட இரண்டு பேரை ஓட்டுநர் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தார். சுகந்தி கண்களை மூடியிருந்தார். நான் விளக்கைப் பார்க்கவில்லை. பச்சை விழுந்தது அவர் முகத்தில் தெரிந்தது.